பாதித் தலை

செர்வா எழுதிக்கொண்டிருந்த கதையில் ஒருவன் கதவைத் தட்டுகிற நேரம் பார்த்து அவளுடைய கைபேசி அடித்தது. கணவன்.

"இந்த ரெட்டைப் பசங்க ரெண்டும் ஒரே செருப்புக்குள்ள காலை விட்டுக்கிட்டு வெளிய வரமாட்டேங்குதுங்க. எப்ப வருவ?"

"பாதித் தலையில இருக்கேன்."

"ஐயோ, சரி சரி." வைத்துவிட்டான்.

கானாவின் கொஃபொரிடுவா ஊரில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பாதி பின்னி, பாதி புஸுபுஸுவென்று நிற்கும் தலையோடு உட்கார்ந்திருப்பவளை யாரும் எதற்கும் எழுப்ப முடியாது. பாதிரியார் பாட்டுப் பயிற்சிக்குக் கூப்பிடமாட்டார். மாமியார் அடுப்பைப் பற்றிப் பேசமாட்டாள். போன வருஷம் கடைத்தெரு தீப்பிடித்தபோது, தீ இதே பின்னல் கடை வாசல்வரை வந்தது. உள்ளே மூன்று பெண்கள் பாதித் தலையோடு இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

செர்வாவுக்கு உறைமீன் கடை. விடிந்தால் மீன், சாய்ந்தால் கென்கி என்கிற சோளக் கொழுக்கட்டை, நடுவில் பிள்ளைகள். கதை எழுத அவளுக்கு வாய்த்த ஒரே இடம் பின்னல்காரி ஜிஃபாவின் மர நாற்காலி.

முதலில் விரல் தடிமனுக்குத்தான் பின்னிக்கொண்டாள். கதைக்குப் பெயர் வைப்பதற்குள் தலை முடிந்துவிட்டது. அடுத்த தடவை சணல் அளவு. அதற்கடுத்து நூல் அளவு. இப்போதெல்லாம் அவள் தலைக்குள் புகுந்த காற்று, வெளியே வர வழி கேட்டுக்கொண்டு திரிகிறது.

பெரிய அலங்காரக்காரி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

இன்று கதை முடிந்தாக வேண்டும். மாலைச் செய்திக்கு முன்னால் வந்து சேருகிற கதைகளில் ஒன்றை வானொலியில் வாசிப்பார்களாம். அனுப்பாவிட்டால் போச்சு. தலை முடிந்தால் மீன்கடைதான்.

கதையில் ஒருத்தி. அவள் புருஷன் லிபியாவுக்குப் போனவன், வருஷக்கணக்காக ஒரு சேதியும் சொல்லாதவன், திடீரென்று வந்து கதவைத் தட்டுகிறான். அவள் தாழ்ப்பாளில் கை வைத்து நிற்கிறாள்.

திறப்பாளா, மாட்டாளா?

செர்வாவுக்கே தெரியவில்லை. காலையிலிருந்து அவளும் அந்தத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். மூக்குக்கண்ணாடியை வேறு மீன்கடையில் மறந்துவிட்டு வந்திருந்தாள். கைபேசியில் எழுத்தைக் கொட்டை கொட்டையாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு சொல்லாகத் தட்டினாள்.

ஜிஃபாவோ ஊரிலேயே வேகமான கைக்காரி. பின்னும்போது விரல்கள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தடவை அவசரத்தில் ஒரு பெண்ணின் தலையோடு ஜன்னல் திரையையும் சேர்த்துப் பின்னிவிட்டாள். அந்தப் பெண் திரையோடுதான் கல்யாணத்துக்குப் போனாள். எங்கே வாங்கினது என்று நாலு பேர் விசாரித்தார்கள்.

வாயும் அதே வேகம்தான். இன்றைக்கு மட்டும் ஒரு சொல் இல்லை. உச்சந்தலையில் அவள் மூச்சு படுவது மட்டும் தெரிந்தது. பல்வலியாக இருக்கும் என்று நினைத்தாள் செர்வா.

வெளியே நிற்பவன், 'நான்தான் வந்திருக்கிறேன்' என்று சொல்கிற வரியை எழுதியபோது ஜிஃபா முடியை ஒரு சுண்டு சுண்டினாள். செர்வாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உச்சி முடிந்தது. காதோரம் முடிந்தது. பிடரிதான் பாக்கி. செர்வா பயந்துகொண்டே பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். உள்ளங்கை அகலம்கூட இல்லை.

"இவ்ளோதானா?"

"கையை எடு தாயே. அதெல்லாம் நிறைய இருக்கு."

இரண்டு பத்தி எழுதி, மூன்று பத்தி அழித்தாள். மறுபடி தடவினாள். அதே உள்ளங்கை அகலம்.

வெயில் வாசற்படியை விட்டு இறங்கிய பிறகும் தடவிப் பார்த்தாள். கொஞ்சம் கூடியிருந்ததுபோலத் தெரிந்தது.

தலை வளர்ந்திருக்க வேண்டும். வேறென்ன? யோசிக்கிற தலை அல்லவா. கடவுளுக்கு ஒரு நன்றியைச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து எழுதினாள்.

பக்கத்துத் தையற்கடை வானொலியில் செய்திக்கு முந்தின விளம்பரங்கள் ஓடத் தொடங்கின. சோப்பு. தக்காளி விழுது. கொசுவத்தி.

வெளியே அவன் மறுபடி தட்டினான். இந்தத் தடவை அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். உள்ளேயிருந்து, சத்தமாக, நிதானமாக ஒரு குரல் கொடுத்தாள்.

'பாதித் தலையில இருக்கேன். அங்கேயே நில்லு.'

அவ்வளவுதான் கதை. செர்வா அனுப்பிவிட்டாள். செய்தி வாசிப்பவர் தொண்டையைச் செருமினார்.

"எந்திரி, முடிஞ்சுது," என்றாள் ஜிஃபா அதே நொடியில்.

செர்வா எழுந்து காலை வைத்தாள். பாதம் முடிக்குள் புதைந்தது.

எப்போதும் சேர்த்துப் பின்னுகிற சவுரியின் கத்தரித்த நுனிகள்தான் தரையில் கிடக்கும், நேராக, ஊசி ஊசியாக. இன்று நாற்காலிக்குப் பின்னால் இன்னொரு தலைக்குப் போதுமான முடி குவிந்து கிடந்தது. அத்தனையும் நெளிநெளியாக. ஒரு தடவை பின்னி அவிழ்த்த முடிதான் அப்படி நெளியும்.

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஜிஃபா துடைப்பத்தை எடுத்துவிட்டாள். தலையை நிமிர்த்தாமல் பரபரவென்று கூட்டினாள்.

"நிக்கட்டும் அவன்," என்றாள். "நல்லா கொசு கடிக்கட்டும்."