தொரைக்கு ஏத்த துணி

"ஏனுங்க தம்பி, இதவிட மங்கலா ஒண்ணு இல்லீங்களா?"

சுப்பண்ணன் இப்படிக் கேட்டது ஏழாவது துணிக்கு. வெள்ளகோவிலில் இருபது வருடமாகப் போட்டோ ஸ்டுடியோ நடத்தும் தனபாலிடம், பின்னால் கட்டும் துணியை மங்கலாகக் கேட்ட முதல் மனிதர் அவர்தான்.

தனபாலுக்குத் துணிகள் என்றால் உயிர். ஒவ்வொன்றும் ஈரோட்டுச் சந்தையில் கால் கடுக்க நின்று, வெயிலில் விரித்துப் பார்த்து எடுத்தவை. அதிலும் அந்தக் கருநீலம் இருக்கிறதே, அதற்கு முன்னால் விறகுக்கட்டையை நிறுத்தினால்கூடக் கல்யாணக் களை வந்துவிடும். எழுபது வயதுக்காரர் ஒருவர் அதன் முன் உட்கார்ந்து படம் எடுத்துப் போக, மறுவாரமே அவருக்கு இரண்டு வரன் வந்ததாம். மூன்று என்று தனபால் சொன்ன நாளும் உண்டு.

"ஐயா, யாருக்குங்க படம்? ஆளச் சொன்னீங்கன்னா நானே துணி சொல்லீருவனுங்க."

"நம்ம தொரைக்குங்க."

"உள்ள வரச் சொல்லுங்க."

"வெளிய நிக்கறானுங்க."

தனபால் எட்டிப் பார்த்தான். வாசலில் ஒரு 'குட்டி யானை' சரக்கு வண்டி. அதன் மேல் ஒரு காங்கயம் காளை, வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறம். பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி டிரைவர் ரசாக். தொரை நிதானமாக ஸ்டுடியோ போர்டைப் படித்துக்கொண்டிருந்தான்.

"மாட்டுக்குங்களா?"

"விக்கறதுக்குங்க. போன மாசம் மாடு கட்டற கட்டுத்தரையில வழுக்கி உளுந்துபோட்டனுங்க. கோயமுத்தூர்ல இருக்கற பையன் அருள்குமாரு, 'இனி உங்களுக்கு மாடு வேண்டாமுங்கப்பா, படம் எடுத்து வாட்ஸப் குரூப்ல போடுங்க'ன்னு ஒரே புடியா நிக்கறான். செல்போன் படமெல்லாம் வேண்டாம், ஸ்டுடியோவுலயே எடுக்கறேன்னு நாந்தான் வந்தனுங்க."

தனபாலுக்குச் சட்டென்று உற்சாகம் பிறந்துவிட்டது. இந்தப் படம் போகாத மாட்டு குரூப் இருக்காது. மூலையில் அவன் ஸ்டுடியோ பேர் இருக்கும். அப்புறம் கரூர் வரைக்கும் உள்ள காளைகள் எல்லாம் இவன் வாசலில்தான் வரிசை கட்டும்.

"அப்படின்னா கருநீலந்தாங்க. மாப்பிள்ளையாட்டம் தூக்கிக் காட்டும் பாருங்க."

"வேண்டாமுங்க."

"மெரூன்?"

"காளை மெரளுமுங்க."

"இந்த மயில் பச்சை?"

"புல்லுன்னு நெனச்சுத் துணியத் தின்னுபோடுவானுங்க."

சுப்பண்ணன் தாமே ஸ்டூலில் ஏறி, பரண் மூலையில் கிடந்த ஒன்றை இழுத்தார். திட்டுத்திட்டாகச் சாயம் ஏறிய சாம்பல் துணி. தெரியாத்தனமாக வாங்கி, ஒரே ஒரு தடவை கட்டி, மூலையில் போட்டது. அன்றைக்கு அதன் முன் நின்ற ஆள் காய்ச்சலில் எழுந்து வந்தவர் மாதிரி இருந்தார்.

அதை வெளியே கொண்டுபோய்க் காளையின் திமில்மேல் வைத்துப் பார்த்தார். சேலைக்கு ஜாக்கெட் துணி மேட்சிங் பார்க்கும் பொம்பளைகள் தோற்றார்கள்.

"இதுதானுங்க. கொஞ்சங்கூட வித்தியாசமில்ல."

"ஐயா, இதுக்கு மேட்சிங் பாக்கக் கூடாதுங்க! மாடும் துணியும் ஒரே நெறமாப் போனா மாடு எங்கீங்க தெரியும்?"

"எனக்கு இதுதான் புடிச்சிருக்குதுங்க தம்பி."

ரசாக் தனபாலின் காதருகே வந்தான். "கண்ணுல பொரை வந்திருக்கும் போலருக்குதுங்ணா. கட்டி உட்ருங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்துக் காலி இடத்துச் சுவரில் அந்தத் துணியைக் கட்டினான் தனபால். தொரை இறங்கி வந்து, பெரிய மனுசன் தோரணையில் அதன் முன் நின்றான். அசையவில்லை. மனுசப் பிறவிகூட இவ்வளவு ஒழுங்காக இவன் கேமரா முன்னால் நின்றதில்லை.

எடுத்த படத்தைப் பார்த்த தனபாலுக்குத் தலை சுற்றியது. துணி இருந்தது. துணியில் இரண்டு கண்கள் இருந்தன. மேலே இரண்டு கொம்பு, கீழே நாலு குளம்பு. நடுவில் இருக்க வேண்டிய காளையைக் காணோம்.

ரசாக் எட்டிப் பார்த்தான். "ஏனுங்ணா, மாடு வண்டியிலயே நிக்குதுங்களா?"

தனபாலின் பொறுமை அத்தோடு தீர்ந்தது. கேமராவைச் சுப்பண்ணன் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"பாருங்கய்யா! நான் தலபாடா அடிச்சுக்கிட்டனே கேட்டீங்களா? இதப் பாத்துப்போட்டு எவனுங்க வெல கேட்டு வருவான்?"

சுப்பண்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஒருத்தனும் வர மாட்டானுங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க தம்பி."

"சத்தியமா ஒருத்தனும் வர மாட்டானுங்க!"

"அது போதுஞ் சாமி." அவர் கை தொரையின் கழுத்தடியில் தொங்கும் அலைதாடியைத் தடவிக்கொண்டிருந்தது. "ஒரு மாசத்துக்குள்ள யாரும் கேக்கலீன்னா, இவன் நம்ம கட்டுத்தரையிலயே இருந்துக்கட்டும்னு பையன் வாக்குக் குடுத்திருக்கறானுங்க."

தனபால் அவரைப் பார்த்தான். காளையைப் பார்த்தான். காளையும் அவனைப் பார்த்தது.

கேமராவை மறுபடி கண்ணுக்கு வைத்தான்.

"ரசாக்கு, தலைய அந்தப் பக்கமாத் திருப்பிப் புடிப்பா. கொம்பு இன்னும் தெரியுது."