உலகத்தில் மிச்சம் ரெண்டு பேர்

வெள்ளிக்கிழமை மதியம் பீங்கான் கம்பெனியில் கரண்ட் போனதால் அன்னமேரி சீக்கிரமே வீடு திரும்பினாள். உள்ளே மருமகள் ஆக்னஸ் போனில் ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"வூட்ல யாருமே இல்லீங்க. பின்பக்கமா வாங்க. கதவு தொறந்துதான் இருக்குது."

அன்னமேரி பாய்ந்து போனைப் பிடுங்கினாள். "எவன்டா நீ?"

"யம்மா, நான்தான்." குவைத்திலிருக்கும் மகன் ராபர்ட்டின் குரல். "ரெண்டு பேரும் போன்ல கேம் ஆடுறோம். பெரிய நோய் வந்து உலகமே செத்துப்போச்சு. நாங்க மட்டும் பொழைச்சு, காலியா கெடந்த வூட்ல குடித்தனம் பண்றோம்."

அன்னமேரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்ப நானும் செத்துட்டேன். பெத்தவளுக்கு சர்ச்சுல ஒரு பூசையாவது வெச்சியாடா?"

"சாமியாரும் செத்துட்டாரும்மா."