கரையேறிய வள்ளத்தின் டீசல்

கடலுக்குப் போன தவேந்திரன் மீளவில்லை; அவனுடைய வள்ளம் மட்டும் நெடுந்தீவுக் கரையில் ஒதுங்கிற்று. அவன் எவ்வளவு தூரம் ஓடினான் என்றறிய, மனைவி சிவாஜினி பனைமரச் சிலாகையொன்றில் ஓர் அளவுகோல் செய்தாள். தாங்கியில் எஞ்சிய டீசலை இறைத்தெடுத்து, ஐந்தெழுத்தை ஓதி, ஐந்தைந்து லீற்றராக மீண்டும் ஊற்றி, கோல் நனைந்த எல்லைதோறும் கத்தியால் கீறினாள். ஆறு கீறல்கள். கொண்டுபோனதில் பாதி, கரைசேரப் போதும்.

மறுநாள் ஈரம் ஐந்தாம் கீறலில் நின்றது. வள்ளம் மணலில் கிடந்தது, எஞ்சினைக் கழற்றி வீட்டில் வைத்திருந்தார்கள், தாங்கியில் ஒழுக்கில்லை. குறைந்ததை ஊற்றி நிரப்பினாள். அன்று தொட்டு நாள்தோறும் ஐந்து லீற்றர் குறைந்தது; நாள்தோறும் நிரப்பினாள்.

"அவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார், அண்ணை."

"மணலிலை கிடக்கிற வள்ளத்திலையோ? விசர்க்கதை கதையாதை, பிள்ளை," என்றான் தமையன் குகதாசன். "அவன்ரை ஆத்துமா கரையேற அந்தியேட்டி செய்யவேணும், ஐயரைக் கூப்பிடப்போறன்."

"டீசல் குறைஞ்சுகொண்டிருக்குமட்டும் ஏலாது."

முப்பதாம் நாட் காலை ஈரம் ஆறாம் கீறலிலேயே நின்றது. துடைத்து மீண்டும் இறக்கினாள், ஆறு. குகதாசன் கோலை வாங்கி, தன் சாரத்தில் துடைத்து, தானே இறக்கிப் பார்த்தான். பிறகு குனிந்து தாங்கிக்குள் நெடுநேரம் பார்த்தான்.

"நாளைக்கும் ஒருக்கா அளந்து பாப்பம், பிள்ளை."

"வேண்டாம், அண்ணை. ஐயருக்குச் சொல்லுங்கோ," என்றாள் சிவாஜினி.