பால் காய்ச்சியவர்கள்

பால் இன்னும் பொங்கவில்லை.

அவன் போனைச் சுவரில் சாய்த்து வைத்தான். திரையில் அவனுடைய சமையலறை தெரிந்தது. டாலஸில் காலை ஏழரை மணி. மடிப்பாக்கத்தில் மாலை ஆறு.

அடுப்புக்கு முன்னால் நிற்பது அவனும் அவன் மனைவியும் அல்ல. அவனோடு வேலை பார்க்கும் செழியனும் செழியனின் மனைவி ஹேமாவும். பட்டு வேட்டி, பட்டுப் புடவை.

“வலது கால வெச்சுத்தானே உள்ள வந்தீங்க?” அம்மா இங்கிருந்து கேட்டாள்.

“ஆமா ஆன்ட்டி. ஷூவைக் கழட்டிட்டுத்தான்.”

வீடு அவன் பெயரில் இருக்கிறது. அவன் மடிப்பாக்கத்தில் இருக்கிறான்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மறுவாரம், தங்கை கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் மனைவியோடு ஊருக்கு வந்தான். திரும்பிப் போக விசாவுக்குப் புது முத்திரை வேண்டும். தூதரகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்தாள். அவனைப் பற்றிச் சரிபார்க்க வேண்டியிருக்கிறதாம்.

எழுபத்து மூன்று நாட்களாகச் சரிபார்க்கிறார்கள்.

தன்னிடம் அவ்வளவு விஷயம் இருப்பது அவனுக்கே தெரியாது.

விசா மூன்று வருடத்துக்கு. கடன் முப்பது வருடத்துக்கு. வங்கிக்காரர் சிரித்த முகமாகக் கை குலுக்கினார். அந்த நாட்டைவிட அந்த வங்கிக்கு அவன்மேல் நம்பிக்கை அதிகம்.

வீட்டுக்குள் அவன் மொத்தம் இரண்டு முறை போயிருக்கிறான். இரண்டு முறையும் புரோக்கர் கூடவே வந்தார்.

முத்திரை வரட்டும், அப்புறம் பால் காய்ச்சலாம் என்றுதான் அவன் சொன்னான். அம்மா கேட்கவில்லை. இது வைகாசியின் கடைசி முகூர்த்தம். ஆனி ஆகாது, ஆடி ஆகவே ஆகாது. அதுவரை வீட்டை விளக்கேற்றாமல் பூட்டி வைப்பதா?

சாவி செழியனிடம்தான் இருந்தது. செழியனுக்கு கிரீன் கார்டு உண்டு. வீடுதான் இல்லை. வாடகை அபார்ட்மென்ட்.

“வருது, வருது,” என்றாள் ஹேமா.

பால் விளிம்பு வரைக்கும் எழுந்து, ஒரு நொடி யோசித்து, வழிந்தது.

அங்கே கை தட்டினார்கள். இங்கே அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“எந்தத் திசைல பொங்குச்சு?”

செழியன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். திசைகாட்டி போனில் இருக்கிறது. போனில் இவர்கள் இருக்கிறார்கள்.

“எங்க பக்கமாத்தான் ஆன்ட்டி.”

“அப்ப நல்லதுதான்.”

அங்கே ஆளுக்கு ஒரு டம்ளர் பால் குடித்தார்கள். இங்கே பார்த்தார்கள்.

“பால் காய்ச்சினவங்க இன்னைக்கு ராத்திரி அங்கயே படுக்கணும்ப்பா,” என்றாள் அம்மா.

“படுத்துட்டாப் போச்சு. மெத்தையே கொண்டாந்துட்டோம் ஆன்ட்டி.”

அவன் மனைவி அப்போதுதான் வாய் திறந்தாள். “தேங்க்ஸ் ஹேமா.”

“நமக்குள்ள என்னக்கா.”

போனை சமையல் மேடையில் மல்லாக்க வைத்துவிட்டு செழியன் போனான். அணைக்க மறந்துவிட்டான்.

திரையில் வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது. நல்ல கூரை. வாங்கும்போது அவன் அண்ணாந்து பார்த்ததில்லை.

மாதக் கடைசிக்குள் வரவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக நேற்று ஆபீசிலிருந்து மெயில் வந்திருந்தது. ‘அன்புடன்’ என்று முடித்திருந்தார்கள். வேலை போனால் விசா போகும். வீடு எங்கும் போகாது. அங்கேயே இருக்கும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கூரைக்குக் கீழே எங்கிருந்தோ குரல் வந்தது.

“என்னங்க, கிச்சன் எவ்ளோ பெருசு, இல்ல?”

“ம்.”

“ஒருவேளை அவங்களுக்கு விசா வரலேன்னா இத என்ன பண்ணுவாங்க?”

“நல்ல நாளும் அதுவுமா பேசற பேச்சா ஹேமா இது?”

குழாய் திறக்கும் சத்தம். டம்ளர் கழுவும் சத்தம். குழாய் மூடும் சத்தம்.

“விக்கத்தான் வேணும்,” என்றான் செழியன். “அங்க உக்காந்துகிட்டு எப்படி லோன் கட்டுவான்?”

“வேற யாருக்கோ போறதுக்கு நாமளே…”

“ஏய்.”

“கேட்டா என்னங்க தப்பு?”

“நாம கேக்கக் கூடாது. நல்லா இருக்காது.” டம்ளரைக் கவிழ்த்து வைக்கும் சத்தம். “அவனே கேப்பான்.”

அம்மா அவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி போனை நோக்கிக் கை நீட்டினாள். இணைப்பைத் துண்டிக்கப் போகிறாள் என்று நினைத்தான்.

அவள் இந்தப் பக்கத்து மைக்கை மட்டும் அணைத்தாள்.

அவன் ஒலியைக் கூட்டி வைத்தான்.