சேம்பு நின்ற இடம்

உரச்சாக்குக்குள் கையை விட்டு இரண்டு செடிகளை எடுத்தான் சுதாகரன். ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் அவற்றின் இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தான்.

“இங்க பாரு, கிருஷாந்தி. நல்லாப் பாரு.”

அவன் மனைவி பார்க்கவில்லை. எதிர்ச்சுவரையே வெறித்திருந்தாள். மத்தியானம் கிழங்கு சீவிய விரல்கள் சிவந்து தடித்துக் கிடந்தன. தன்னை அறியாமலே அவற்றைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

குவைத்திலிருந்து அவள் வந்து மூன்று நாள்தான். பெட்டியின் கைப்பிடியில் சுற்றிய விமானத்துச் சீட்டைக்கூட இன்னும் யாரும் கிழிக்கவில்லை.

இரண்டும் நுனி கூர்ந்த, அகன்ற பச்சை இலைகள். அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

ஒன்று சேம்பு. கிழங்கை அவித்தால் ஒரு நேரச் சாப்பாடு. மற்றது ஹோட்டல்காரர்கள் ஆசையாக வளர்க்கிற வெள்ளை லில்லி. கண்ணுக்கு அழகு, வாயில் வைத்தால் நஞ்சு.

பிள்ளை எதைச் சாப்பிட்டது, அந்தச் செடியைக் கொண்டுவாருங்கள் என்று டாக்டர்தான் அவனை அனுப்பினார். ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆட்டோவில் ஓடினான். மழையில் லயத்து வீட்டு வரிசையை ஒட்டிய சாக்கடைக் கானுக்குள் இறங்கி வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தான். திரும்பி வந்தபோது டாக்டர் சாக்கைத் திறந்து பார்க்கவில்லை. அவன் தோளைத் தொட்டார், உள்ளே போய்விட்டார்.

மகள் சுலக்ஷனாவுக்கு ஆறு வயது. தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிட்டது.

இனி இந்த இலைகளால் யாருக்கு என்ன பிரயோசனம்? ஆனாலும் அவன் விடவில்லை. செய்தி கேட்டதிலிருந்து கிருஷாந்தி ஒரு வார்த்தை பேசவில்லை, அழவுமில்லை. என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்றுதான் உள்ளுக்குள் ஓடும். அது அவனுக்குத் தெரியும். அந்த நினைப்பை எப்படியாவது அவளிடமிருந்து பிடுங்கி எறிய வேண்டும். பிள்ளைதான் போய்விட்டது, இவளையாவது காப்பாற்ற வேண்டும்.

“சேம்புக்குக் காம்பு எலையோட முதுகுல ஒட்டியிருக்கும். இதுக்குப் பாரு, ஓரத்துலேருந்து வருது.”

குனிந்தபோது அவன் தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. சேம்பிலையில் விழுந்தது முத்து முத்தாக உருண்டு ஓடியது. லில்லி இலை நனைந்து போய்க் கிடந்தது.

தரை துடைக்க வந்த சிங்கள அட்டெண்டன் சாக்கிலிருந்து வடிந்த சேற்றைப் பார்த்துத் திட்ட வாயெடுத்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். சத்தமில்லாமல் துடைத்துவிட்டுப் போனார்.

“அந்த எடத்துல நீ வச்சிட்டுப் போனது சேம்புதான். மாத்துனது நானு.”

அது பொய்யில்லை. குவைத்துக்குப் போகுமுன் கான் ஓரம் முழுக்கச் சேம்பு நட்டுவிட்டுத்தான் போனாள். அதன் பிறகு பழைய துரை பங்களா ஹோட்டல் ஆனது. லயத்தைப் பார்க்கவும் படம் எடுக்கவும் வெள்ளைக்காரர்கள் நடந்து வரத் தொடங்கினார்கள். அவர்கள் வருகிற வழியில் வயிற்றுக்கு விளைவது அசிங்கமாம், கண்ணுக்குப் பூப்பதுதான் லட்சணமாம். ஹோட்டலில் தோட்ட வேலை பார்க்கிற சுதாகரனிடமே மிஞ்சிய லில்லிக் கிழங்குகளைக் கொடுத்து நடச் சொன்னார்கள் ஹோட்டல்காரர்கள். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் தப்பி நின்ற ஒன்றைத் தவிர மற்றச் சேம்பு எல்லாவற்றையும் பிடுங்கியது அவன் கைதான்.

அந்தப் பூவைத் தொடக்கூடாது என்று மகளுக்குச் சொல்லிவைத்திருந்தான். மனைவிக்குத்தான் சொல்லவில்லை. என் சேம்பு எப்படி இருக்கு என்று அவள் போனில் கேட்கும்போதெல்லாம் தளதளவென்று இருக்கிறது என்பான். அந்நிய வீட்டில் கிடந்து மாரடிக்கிறவளுக்கு அந்தச் சந்தோஷமாவது இருக்கட்டும் என்று நினைத்தான், பாவி.

பூ இருந்திருந்தால் அவளே கண்டுகொண்டிருப்பாள். அவள் வருவதற்கு முதல்நாள் ஹோட்டலில் ஒரு கல்யாணம். ஒன்று விடாமல் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்றைக்கு அவன் வேலைக்குப் போயிருந்தான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கானோரத்துக் கிழங்கைத் தன் சேம்பென்றே நினைத்துத் தோண்டிய கிருஷாந்தி, சேம்புக்கு விடுகிற மாதிரியே புளியும் விட்டிருந்தாள்.

“ஒம் மேல ஒரு தப்பும் இல்ல. என்னைய வையி. நாலு பேரு முன்னால செருப்பக் கழட்டி அடி. எதாச்சும் பேசு புள்ள.”

கிருஷாந்தி மெல்லத் திரும்பினாள்.

லில்லி இலையை அவள் தொடவில்லை. சேம்பிலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காம்பு ஒட்டியிருந்த இடத்தை வீங்கிய விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று சுதாகரனுக்குத் தோன்றியது. இனியாவது தன்னைத் திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தான்.

“ரெண்டு வாய்தாங்க தின்னுச்சு,” என்றாள். “தொண்ட அரிக்குதும்மா, வேணாம்மான்னுச்சு.”

அவன் லில்லி இலையைச் சாக்குக்குள் திணித்தான்.

“சேம்புன்னா அரிக்கத்தான் செய்யும், ஒண்ணும் ஆகாதுன்னேன். ரெண்டு வருசமா அம்மா கையால திங்கலியேன்னு மடியில தூக்கி வச்சு... மிச்சத்த நாந்தாங்க ஊட்டிவிட்டேன்.”

அவள் மடியிலிருந்த சேம்பிலையை எடுத்துவிடலாம் என்று சுதாகரன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.