தடுப்புக்குக் கீழே பத்து விரல்கள்

மதிய வெயில் கண்ணாடி வழியாக வந்து மேஜைமேல் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. தம்பியின் புதுக் கம்பெனியில் பணம் போட வந்திருக்கும் அம்மாளிடம் அவன் மூச்சுவிடாமல் பேசுகிறான். "இனிமே கஸ்டமருக்குப் பதில் சொல்ல ஆளே வேணாம் மேடம். கேள்விய டைப் பண்ணுங்க, எங்க மெஷினே பதில் சொல்லும்." மெஷின் இன்னும் தயாராகவில்லை. மூன்று மாதமாக அத்தனை பதிலையும் பலகைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டுவது அவன் அக்காதான். அந்தச் சத்தம் கேட்காமலிருக்கத்தான் ஏசியை இரைய விட்டிருக்கிறான். தடுப்பு தரைவரை எட்டவில்லை. அதன் அடியில் அவளுடைய கால்விரல்கள் அவனுக்கு மட்டும் தெரிகின்றன. திடீரென்று அங்கே ஓர் இருமல். அவனும் அவசரமாக இருமி, "ஏசி ஒத்துக்கல மேடம்" என்கிறான். "அதுக்காக ரெண்டு குரல்லயா இருமுவீங்க?" என்று சிரிக்கிற அம்மாள், சிரிப்பு அடங்காமலே எதிரிலிருக்கும் லேப்டாப்பில் டைப் செய்கிறாள்: 'உனக்குப் பின்னால ஆள் யாராவது இருக்காங்களா?' திரையில் மூன்று புள்ளிகள் துடிக்கின்றன. தடுப்புக்குக் கீழே விரல்கள் மடங்கித் தரையைப் பற்றிக்கொள்கின்றன. உண்மையைச் சொல்லிவிட்டால் பணமும் இல்லை, கம்பெனியும் இல்லை. சொல்லிடாதேக்கா, என்று அவன் மனசு கெஞ்சுகிறது. பதில் வருகிறது: 'இல்லை. இங்கே யாரும் இல்லை.' "சபாஷ்!" என்று அம்மாள் கை நீட்டுகிறாள். காது மடல் எரிய அவன் அந்தக் கையைக் குலுக்குகிறான். தடுப்புக்குக் கீழே இப்போது வெறும் தரைதான் தெரிகிறது. அக்கா கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டாள்.