அணியத்தில் புது நீலம்

இப்போதெல்லாம் எவன் ஓட்டையை ஓட்டை என்று சொல்லி விற்கிறான், எல்லாம் பெயின்ட் அடித்து மூடுகிற பயல்கள்தான் என்று முனகிக்கொண்டே ரோச் அந்தப் பழைய மீன்பிடி கயாக் படகைச் சுற்றி வருகிறார். வயதாகிவிட்டதென்று எந்த வள்ளத்திலும் அவரை ஏற்றுவதில்லை. தனியாளாகத் துடுப்புப் போட இப்படி ஒன்று அமைந்தால்தான் இனி அவருக்குக் கடல். கைக்காசுக்கு அடங்குவது பெரியதாழைக் கடற்கரையில் இது ஒன்றுதான். மணலில் வெயில் வெள்ளையாகக் காய்கிறது. விரல் முட்டியால் படகின் பைபர் உடம்பைத் தட்டித் தட்டிக் காது கொடுக்கிறார். மற்ற இடமெல்லாம் உப்பில் வெளிறிக் கிடக்க, முன்பக்க அணியத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் புது நீலம் பளபளக்கிறது. "ஏளா டெல்பின், கீறல எங்கிட்டயே மறைக்கியா?" விற்க நிற்கிறவள் பதறுகிறாள். "கீறல் இல்ல அண்ணாச்சி, அத மட்டும் தொடாதிய." அப்படியானால் அது கீறலேதான். மடியிலிருந்து கத்தியை எடுத்துச் சுரண்டுகிறார். நீலம் சுருள் சுருளாக உதிர, கீழே மஞ்சள் எழுத்து. மூன்றாம் வகுப்போடு நின்றவர், எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே படித்துவிடுகிறார்: "ஸ்... டெ... பி."

"எம் மவ பேரு. தவக்காலத்துல காய்ச்சல்ல போயிட்டா. படக வித்தாலும் பிள்ள பேர விக்கக் கூடாதுல்லா, அதான் அடிச்சு மறைச்சேன்." குரலில் கோபம் இல்லை, இருந்தால் பதிலுக்கு ஏச அவருக்குத் தெரியும். எழுத்தின் மேலிருந்த தூளை அவள் முந்தானையால் துடைக்கிறாள். கத்தி நுனியில் ஒட்டிய நீலத்தை அவர் வேட்டியில் தேய்க்கிறார், போகவில்லை. "அடிப்பக்கமும் பாக்கணுமா அண்ணாச்சி? பொரட்டிக் காட்டுதேன்." வேண்டாமென்று கையை மட்டும் ஆட்டிவிட்டு நடக்கிறார். சுடுமணலில் பத்தடி போவதற்குள், அடியில் எங்கோ ஒரு கீறல் இருக்கத்தான் செய்யும் என்று படுகிறது. திரும்பிப் போய்ப் பார்க்கத்தான் முகமில்லை.